மூன்றரை ஆம்பியர்

என் கணவர் சூரியபிரகாஷ் ஒரு மெஷின் செய்தார். செய்தார் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்காகத்தான். பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் அலுமினியத்தில் ஒரு பெரிய சட்டத்தை நிறுத்தி, அதில் நான்கு மோட்டார்களை மாட்டி, பதினான்கு மாதம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கீழே மரப்பலகையை வைத்துக் கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் போதும், மெஷினே மயிலையும் அன்னத்தையும் செதுக்கித் தரும், கதவு செய்கிற ஆசாரிகள் எல்லாம் நம் வாசலில் வரிசையில் நிற்பார்கள் என்றார். பதினான்கு மாதத்தில் வாசலில் வந்து நின்றவர் கொரியர்காரர் ஒருவர்தான். அவரைப் பார்த்துத் தெருநாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது.

இவருக்கு வேலை பைபாஸ் ரோட்டில் ஒரு இருசக்கர வாகன ஷோரூமில். வண்டி வாங்குகிறவர்களுக்குப் பதிவு எண் எடுத்துக் கொடுக்கும் பிரிவு. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் மைலேஜைக் கேட்பதற்கு முன்னால் எண்ணைக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை எட்டு வந்தால் வேண்டாம், சனி, வேறு எண் கொடு என்பார்கள். இருபது வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு, இவரும் பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியைக்கூடக் கூட்டிப் பார்க்கிற ஆளாகிவிட்டார். அவர்கள் வீட்டில் இதற்கு ஒரு கதையும் உண்டு. என் மாமனார் ஒருமுறை மொபெட்டிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். வண்டி எண்ணைக் கூட்டினால் எட்டாம். முன்விளக்கு எரியாத மொபெட்டில், ஆடு படுத்துக் கிடந்த ரோட்டில் போனதைப் பற்றி அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் பேசியதில்லை.

கூட்டலில் இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஞாபகசக்தி மட்டும் கிடையாது. என் பிறந்த நாள் பிப்ரவரி பதினேழு. கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகிறது, ஒவ்வொரு வருடமும் பதினெட்டாம் தேதிதான் கேக்கோடு வந்து நிற்பார். முதல் இரண்டு வருடம் திருத்தினேன். அப்புறம், இந்த மண்டையில் இதற்கு மேல் ஏறாது என்று விட்டுவிட்டேன்.

நான் தாமரைச்செல்வி. வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வைத்து ரவிக்கைகளுக்கு வேலை செய்து கொடுக்கிறேன். இவர் பின்னறையில் எதைச் செய்து உலகத்தைப் புரட்டப்போவதாகச் சொன்னாரோ, அது என் மெஷினுக்குள் ஒன்பது வருடமாகச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. துணி மாட்டிய சட்டத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். சாதாரண மோட்டார் போல அது சும்மா சுற்றாது. ஒரு சுற்றை இருநூறு அடியாகப் பிரித்து, சொல்லச் சொல்ல ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கும். அதற்கு வேண்டிய மின்சாரத்தை அளந்து கொடுப்பது டிரைவர் என்கிற பெட்டி. நான்கு வருடத்துக்கு முன் என் மெஷினில் டிரைவர் எரிந்துவிட்டது. திருப்பூரிலிருந்து மெக்கானிக் வர ஒரு வாரம் ஆகும் என்றார். கல்யாண ரவிக்கைகள் காத்திருந்தன. அவரைப் போனில் பேசவைத்துக்கொண்டு நானே மாற்றினேன். மோட்டாரில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதை டிரைவரில் வை, சொந்த புத்தியைக் காட்டாதே என்றார் அவர். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த டிரைவர் கெட்டதில்லை.

பின்னறை எனக்கும் வேண்டியிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் சீருடைச் சட்டைகளுக்குச் சின்னம் தைத்துக் கொடுக்க என்னைக் கேட்டிருந்தார்கள். இருக்கிற ஒரு மெஷினில் அது நடக்காது. இரண்டாவது மெஷினுக்குச் சொல்லி, அது பிப்ரவரி இருபதாம் தேதி வந்து இறங்குவதாக இருந்தது. வைக்க வேறு இடம் இல்லை. பெரிய சண்டைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். வண்டியூர்த் தெப்பத் திருவிழாவுக்குள் இவருடைய மெஷின் ஒரு தேக்குப் பலகையில் ஒழுங்காகச் செதுக்கிக் காட்டினால் அறை அதற்கு, நான் என் இரண்டாவது மெஷினை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். செதுக்காவிட்டால் அதைப் பிரித்து மொட்டை மாடியில் போட்டுவிட வேண்டும். இந்த வருடம் தெப்பம் பிப்ரவரியில் வந்தது. நான் நிம்மதியாக இருந்தேன். ஏனென்றால் இவருக்கு ஆலோசனை சொல்ல முத்திருளன் இருந்தார்.

முத்திருளனுக்குப் பழங்காநத்தம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை. உடைந்த கண்ணாடியை மாற்றுவதில் ஆள் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு ராக்கெட் வரைக்கும் பேசுவார் என்பதுதான் தொல்லை. டிரைவர் வாங்க வேண்டிய கட்டம் வந்தபோது தபால்தலை அளவில் நான்கு சின்னப் பலகைகளைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார்.

"மாப்ள, டிரைவர்னு பெரிய பெரிய பெட்டியா வாங்கி ஏன் ஏமாறுற? வீடியோவுல அம்புட்டுப் பேரும் இதத்தான் போடுறாய்ங்க."

நான் மோட்டாரைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல் கனம். முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தில் 3.5 ஆம்பியர் என்று தெளிவாக இருந்தது.

"அண்ணே, இது மூணரை கேக்குது. இந்தச் சில்லு ரெண்டுகூடத் தாங்காதே?" என்றேன்.

"தங்கச்சி, இது எம்பிராய்டரி இல்ல," என்றார் முத்திருளன். என் கணவர் சிரித்தார். வெளியார் முன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு அவருக்கு எப்போதும் தெம்பு உண்டு.

முதல் பலகை பத்து நிமிடம் ஓடிப் புகைந்தது. இரண்டாவது புகைந்தபோது, வேர்வை துடைக்கிற துண்டால் விசிறினார்கள். மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே, கரண்டை நிறுத்தாமல், முத்திருளன் மோட்டார் ஒயரைப் பிடுங்கினார். அப்படிப் பிடுங்கினால் எந்த டிரைவரும் செத்துப்போகும். அதுவும் போனது. நான்காவதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள், எதற்கென்று தெரியவில்லை. வீடு முழுக்கக் கருகிய வாடை அடித்தது. ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண், அடுப்பில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்கான டிரைவர் வாங்க மனம் வந்தது. நான்கு மோட்டாருக்கு நான்கு கருப்புப் பெட்டிகள். சூடு தணிவதற்காக ஒரு பக்கம் வரிவரியாக அலுமினியம். மேல்மூடியில் எந்த சுவிட்சை எப்படி வைத்தால் எத்தனை ஆம்பியர் என்று ஒரு அட்டவணை அச்சடித்திருந்தது. பக்கவாட்டில் பொடிப்பொடியாக எட்டு சுவிட்சுகள். ஆமாம், எட்டு. அதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

வீடியோவில் காட்டிய நிறப்படி ஒயரை மாட்டினார்கள். மோட்டார் சுற்றவில்லை. காய்ச்சல்காரன் மாதிரி இருந்த இடத்திலேயே நடுங்கியது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதை வைத்துக்கொண்டு அழுதார்கள். மோட்டாரே போலி என்று முத்திருளன் முடிவு செய்து, திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

"நாலு ஒயருல ரெண்டு ரெண்டு சோடி. ஏதாச்சும் ரெண்ட ஒண்ணா முறுக்கிட்டு மோட்டாரோட நடுக்கம்பியக் கையால திருகிப் பாருங்க. லேசாச் சுத்துனா சோடி இல்ல. இறுக்கமா இருந்துச்சுன்னா அதான் சோடி."

திருகிப் பார்த்தார்கள். மூன்றாவது முயற்சியில் இறுகியது. சோடி பார்த்து மாட்டியதும் மோட்டார் வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. மறுநாள் முத்திருளன் தன் கடையில் இரண்டு பேரிடம், நானே கண்டுபிடித்தேன் என்று அதைச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. என் கணவரிடம் சொன்னேன். "யாரு சொன்னா என்ன, சுத்துதுல்ல?" என்றார். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி இந்தப் பின்னறை விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை என்று. அறையும் எனக்குத்தானே வேண்டும்.

அடுத்தது ஆம்பியர் வைக்கிற கட்டம். நான் வாசற்படியில் நின்று ரவிக்கைக்கு நூல் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் மோட்டாரின் முதுகைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"மாப்ள, மூணும் அஞ்சும் எட்டுல்ல?" என்றார் முத்திருளனிடம்.

"அட ஆமா மாப்ள."

"நாலு பெட்டிக்கும் எட்டு எட்டா வச்சா வெளங்குமா? இந்தா, ரெண்டு புள்ளி எட்டுன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டும் எட்டும் பத்து. பத்துன்னா ஒண்ணு. சூரியன். என் நம்பரு."

"அதுல எட்டு இருக்கே?"

"தனியா இருந்தா தோசமில்ல மாப்ள. கூட்டுனாத்தான்."

இப்படியாக, மூன்றரை ஆம்பியர் கேட்கிற மோட்டார்களுக்கு இரண்டு புள்ளி எட்டு அளந்து வைத்தார்கள். பசிக்கிற ஆளுக்கு முக்கால் வயிற்றுக்குச் சோறு போடுகிற காரியம். லேசான வேலை என்றால் சமாளித்துவிடும். கடினமான மரத்தில் கத்தி இறங்கும்போது மோட்டார் ஒன்றிரண்டு அடிகளைத் தவறவிடும். தவறவிட்டது மெஷினுக்குத் தெரியாது. எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, தப்பான இடத்திலிருந்து மீதிப் படத்தைச் செதுக்கிக்கொண்டே போகும். இதெல்லாம் வாசற்படியில் நின்ற எனக்குத் தெரியும். நான் நூலைப் பிரித்து முடித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பிளைவுட்டில் அன்னம் அழகாக வந்தது. வரும், பிளைவுட்டுக்கு என்ன. அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார்கள். அதற்கு இருநூறு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். ஷோரூமில் மேனேஜர் தோளில் தட்டினாராம். இவர் அந்த வாரம் முழுக்க வீட்டில் நடந்த நடையைப் பார்க்க வேண்டும், தண்ணீர் கேட்பதற்குக்கூடத் தொண்டையைச் செருமினார்.

அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் வெள்ளைத்துரை அண்ணன் வந்தார். கீழக்குயில்குடியில் மலைக்குப் போகிற வழியில் அவருக்கு மரப்பட்டறை. கதவு, நிலை செய்கிறவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அதிகம் பேச மாட்டார். ஒரு தேக்குப் பலகை கொண்டு வந்திருந்தார். மெஷின் அரை மணி நேரம் ஓடியது. பாதி வழியில் டொக் டொக் என்று இரண்டு முறை சத்தம் கேட்டது. எனக்கு முன்னறையிலேயே தெரிந்துவிட்டது. பலகையை எடுத்துப் பார்த்தால், அன்னத்தின் தலை அரை விரல் தள்ளி இருந்தது. அன்னத்தைச் சுற்றி வந்த வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேரவில்லை.

"தம்பி, அன்னத்துக்குக் கழுத்து சுளுக்கிருச்சு," என்றார் வெள்ளைத்துரை.

"மரத்துல எங்கயாச்சும் முடிச்சு கெடந்திருக்கும்ணே," என்றார் முத்திருளன்.

"ஆமாண்ணே, மெஷின்ல தப்பு வர வாய்ப்பே இல்ல," என்றார் என் கணவர்.

வெள்ளைத்துரை பலகையின் மேல் கையை வைத்து ஒருமுறை தடவினார். "இதுல முடிச்சு இல்ல," என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஒரு மனிதர் தன் மரத்தை அப்படித் தடவும்போது, நேற்றுப் பிறந்த இரண்டு மேதாவிகள் அவருக்கு மரம் தெரியாது என்கிறார்கள். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்.

அவருக்கும் அவசரம் இருந்தது. செதுக்குகிற ஆள் கையை வெட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறாராம். செக்கானூரணியில் ஒரு குடும்பத்தார் புது வீட்டுப் பால்காய்ப்புக்குத் தேதி வைத்துவிட்டார்கள். அவர்களுடைய பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த கதவுப் பலகை ஒன்றில் அன்னம் செதுக்கி, அதைப் புதுக் கதவின் நடுவில் வைக்க வேண்டும்.

"வெள்ளிக்கெழம பலகையக் கொண்டாந்து போடுறேன். ஞாயித்துக்கெழம வாரேன்," என்றார். "அது சரியா வந்துச்சுன்னா என் பட்டறையில வர்ற செதுக்கு வேல அம்புட்டும் ஒங்களுக்குத்தான். ஆனா தம்பி, அந்தப் பலக ஒண்ணுதான் இருக்கு. அவுக பாட்டன் காலத்துது. போச்சுன்னா போச்சு."

"நான் பொறுப்புண்ணே," என்றார் என் கணவர். பொறுப்பு என்ற சொல்லை அவர் வாயில் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர்கள் செய்த ரிப்பேரைச் சொல்கிறேன். எல்லா போல்ட்டையும் ஒருமுறை முறுக்கினார்கள். மெஷினுக்கு மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். முத்திருளன் கம்ப்யூட்டரில் எதையோ அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். ரிப்பேர் முடிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பலகை வந்தது, தெப்பத்துக்கு இன்னும் நான்கு நாள்தான். சனிக்கிழமை காலை இவர் ஷோரூமுக்குப் போனதும் பின்னறையைப் பெருக்கப் போனேன். டிரைவர்களை வைத்திருந்த பெட்டியின் மூடியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்திருந்தார். நான்கு திருகாணிகளும் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. பக்கத்திலேயே சின்னத் திருப்புளி. வேலை முடிந்தால் ஒரு திருப்புளியைக்கூட எடுத்து வைக்கத் தெரியாத ஆளுக்குக் கதவுக்குச் செதுக்குகிற ஆசை என்று திட்டிக்கொண்டே பெருக்கினேன்.

பலகை சுவரில் சாய்த்து வைத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். எத்தனையோ வருடம் எத்தனையோ கை பட்டு, ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று இருந்தது. அந்த இடத்தில்தான் பிடித்துத் திறந்திருப்பார்கள். நாளை இந்த நேரம் அதில் கழுத்து ஒடிந்த ஒரு அன்னம் இருக்கும். வெள்ளைத்துரை அண்ணன் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டு போவார். மெஷின் மொட்டை மாடிக்குப் போகும், அறை எனக்கு வரும். இத்தனை நாள் அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு நாள் மூடியிருந்தால் போதும்.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் கணவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மோட்டார்களைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. நல்ல மோட்டார்கள், நல்ல டிரைவர்கள். முதுகில் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறது. கொடுக்க ஆள் இல்லை. அந்தப் பலகையும் யார் வீட்டுப் பலகையோ, அது என்ன பாவம் செய்தது. பள்ளிக்கூடத்துச் சட்டைகளை நினைத்துக்கொண்டேன். அழுகைதான் வந்தது. எழுந்து மெயின் சுவிட்சை அணைத்தேன். டிரைவர்களின் பச்சை விளக்கு முழுதாக அணையும்வரை காத்திருந்தேன். பிறகு திருப்புளியின் நுனியால் நான்கு பெட்டியிலும் இரண்டாவது சுவிட்சைக் கீழே தள்ளினேன். அட்டவணையில் அதற்கு நேராக 3.5 என்று இருந்தது. ஒரு பெட்டிக்கு ஒரு நொடி. அதற்குப் பதினான்கு மாதம்.

ஞாயிற்றுக்கிழமை சூடம் காட்டித் தொடங்கினார்கள். எனக்கு உள்ளே போகப் பிடிக்கவில்லை. முன்னறையில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். கத்தி தேக்கில் இறங்குகிற சத்தம் ஒரே சீராக வந்தது. ஒருமுறைகூட டொக் என்று கேட்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி நின்றது. வெள்ளைத்துரை அண்ணன் பலகையை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். மரத்தூளைத் துண்டால் தட்டினார். வட்டம் தொடங்கிய இடத்தில் தன் கட்டைவிரலை வைத்துச் சுற்றி வந்தார். சேர்ந்திருந்தது. அன்னத்தின் கழுத்து அவ்வளவு அழகாக வளைந்து நின்றது.

"நல்லா வந்துருக்கு தம்பி," என்றார்.

அவ்வளவுதான், என் கணவருக்குக் கால் தரையில் இல்லை. "எல்லாம் நம்பர்ணே. டிரைவருக்கு நம்பர் பாத்து வைக்கத் தெரியணும். மோட்டாருல ஆயிரம் போட்டிருப்பாய்ங்க. அத அப்டியே வச்சா வெளங்காது," என்றார். முத்திருளன் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பேரையும் வெள்ளைத்துரையோடு முன்னறையில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். என் கணவர் மெஷினை அணைக்கப் பின்னறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். என் அறை போய்விட்டது. இந்த மனிதரின் வாயையாவது அடைக்க வேண்டும் என்றிருந்தது.

"ஏங்க, அந்த மூடியத் தொறந்து ரெண்டாவது சுவிட்ச்சப் பாருங்க," என்றேன்.

அவர் திறக்கவில்லை. ஒரு மாதிரிச் சிரித்தார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"மூணரைல இருக்கு. நேத்துச் சாயங்காலமே பாத்துட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பாத்துட்டு ஏன் மாத்தல?"

"எதுக்கு மாத்தணும்? அதான சரி. மோட்டாருலயே போட்டிருக்குல்ல."

"அப்ப மொதல்லயே நீங்க ஏன் வைக்கல?"

"கூட்டுனா எட்டு வருதே. என் கையால எப்டி வைக்கிறது?" குரலைத் தணித்துக்கொண்டார். "அதான் மூடிய மூடாம, திருப்புளியையும் பக்கத்துலயே வச்சுட்டுப் போனேன். நீ பாத்தா சும்மா இருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

ஏதோ பெரிய பாராட்டைச் சொல்லிவிட்டது போல நின்றார்.

"அப்ப எட்டு எம்மேல விழுந்தா பரவாயில்ல?"

"ஒனக்கு அது ஒண்ணும் செய்யாது தாமர. நீ பொறந்ததே பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டுதான? ஒனக்கு அது பழகுனது."

எனக்கு முதலில் அந்தப் பதினேழுதான் காதில் விழுந்தது. பதினேழு என்று பிசகாமல் சொன்னார். பதினாறு வருடம், பதினாறு கேக். பதினெட்டாம் தேதி வாங்கி வந்த ஒவ்வொன்றும் கண் முன்னால் வந்தது. மறதிக்காரர் என்று நானே அவருக்காக நாலு பேரிடம் சிரித்துச் சமாளித்திருக்கிறேன். இவர் மறக்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, இவர் வீட்டில் இருக்கிற எட்டு நான்தான். என்னை ஒருநாள் தள்ளி வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறார். இந்த ஆளை நான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டாளோடு வாழ்ந்துவிடலாம், அது எனக்குப் பழகியிருந்தது. அவரை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

வெள்ளைத்துரை அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, போன தடவ ஒங்க மரத்துல தப்பில்ல. டிரைவருல மோட்டாருக்கு வேண்டிய கரண்டு வைக்காம விட்டிருந்தாக. நேத்து நான்தான் மாத்தி வச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார், என் பின்னால் வந்து நின்றவரையும் பார்த்தார். "எனக்குத் தெரியும் தாயி, மரத்துல தப்பில்லன்னு," என்றார்.

முத்திருளன், "தங்கச்சி, அது வந்து..." என்று தொடங்கினார்.

"அண்ணே, ஒங்க டீ ஆறுது," என்றேன். குடித்தார்.

"நான் வச்சது எட்டு நம்பரு. இவரு அதத் தொட மாட்டாரு. அதனால இனி இந்த மெஷினத் தொடுறது, ஓட்டுறது, ஒங்களுக்குச் செதுக்கிக் குடுக்குறது அம்புட்டும் நான்தான். ஆனா இங்க எடமில்ல, பின்னறைக்கு வேற மெஷின் வருது. ஒங்க பட்டறையில ஒரு மூலை கெடைக்குமாண்ணே?"

"ஏய் தாமர, தேக்குல செதுக்குனா அறை அதுக்குன்னுதான பேச்சு?" என்றார் என் கணவர்.

"செதுக்குனது யாரு வச்ச நம்பர்ல? போய் மூடியத் தொறந்து ரெண்டு புள்ளி எட்டுக்கு மாத்திட்டு வாங்க. இன்னொரு பலகையில செதுக்கிக் காட்டுங்க. அறைய எடுத்துக்கங்க."

அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மாற்றினால் ஓடாது என்பது அவருக்குத் தெரியும். மாற்றாமல் தொட்டால் எட்டு.

வெள்ளைத்துரை அண்ணன் பலகையைத் துணியில் சுற்றிக் கட்டினார். "எடம் கெடக்கு தாயி. சரக்கு ஆட்டோவ நானே அனுப்புறேன். எப்ப அனுப்பட்டும்?"

"பதினேழாந்தேதி அனுப்புங்கண்ணே."

"பதினெட்டு வச்சுக்கலாமே," என்றார் பின்னாலிருந்து என் கணவர், பழக்க தோஷத்தில்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "பதினேழு," என்றேன். "அன்னைக்கி என் பொறந்த நாளு."